அடி பார்த்துவிட்டுப் பேச்சிப்பாறைக்குப் போங்கள்

பேச்சிப்பாறைக்கு எப்போது வந்தால் நன்றாக இருக்கும் என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் போனில் கேட்டால் நான் மாதம், தேதி எதுவும் சொல்வதில்லை. "பேப்பர்ல அடி பாத்துட்டு வாங்க" என்பேன். நாகர்கோவில் பதிப்பில் ஒரு மூலையில் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து அணைகளின் நீர்மட்டம் அடிக்கணக்கில் சின்னதாக வரும்: பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றார் 1, சிற்றார் 2, பொய்கை, மாம்பழத்துறையாறு, முக்கடல். அப்பா சானலில், அதாவது பாசனக் கால்வாயில், லஸ்கராக இருந்தவர். ஷட்டரைத் திறப்பதும் அடைப்பதும் கரையைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. காலையில் பேப்பர் வந்தால் எங்கள் வீட்டில் முதலில் அந்த மூலையைத்தான் வாசிப்போம்.

அதை வாசிக்க ஒரு பழக்கம் வேண்டும். பேச்சிப்பாறை நிறைந்தால் 48 அடி, பெருஞ்சாணி 77, சிற்றார்கள் தலா 18. "இம்புட்டு பெரிய டேமுக்கு 48 அடிதானா ஆழம்?" என்று மைனி (அண்ணி) மகன் ஒருமுறை ஏமாந்துபோய்க் கேட்டான். அந்த அடியை ஆழம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கோடையில் முக்கடல் அணைக்கு 'மைனஸ்' என்று போட்டிருப்பார்கள். அடிமண்ணிலிருந்து எண்ணினால் மைனஸ் எப்படி வரும்? எண்ணிக்கை தொடங்குகிற மட்டத்துக்குக் கீழேயும் வெள்ளம் கிடக்கும். முக்கடல் 25 அடி அணைதான், ஆனால் நாகர்கோவில்காரர்கள் குடிப்பது அதிலிருந்து. அதனால் மைனஸ் வந்தால் டவுனில் எல்லாரும் குடத்தைத் தேடுவார்கள்.

(எங்கள் பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேச்சு. சாயாக்கடையில் "வெள்ளம் வேணுமா?" என்று கேட்டால் பயந்துவிடாதீர்கள்.)

நீங்கள் கவனிக்க வேண்டிய எண் 42. பேச்சிப்பாறை அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் கரையோரத்து ஆட்களுக்கு எச்சரிக்கை கொடுப்பார்கள். அதற்கு மேல் மழை பலத்தால் உபரியைத் திறந்துவிடுவார்கள். அது கோதையாற்றில் இறங்கி நேரே திற்பரப்பு அருவிக்கு வரும். அன்றைக்கு அருவியில் யாரையும் குளிக்க விட மாட்டார்கள். இது தெரிந்திருந்தும் ஒருமுறை நான் பேப்பர் பார்க்காமல் பதினோரு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். கயிறு கட்டி வைத்திருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் சாயா நிறத்தில் வெள்ளம் இரைந்துகொண்டிருந்தது. குளிக்கக் கொண்டுபோன எண்ணெயையும் துண்டுகளையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தோம். மைனி இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவாள்.

குளிப்பதுதான் முக்கியம் என்றால் 42-க்குக் கீழே, மழை இரண்டு நாள் விட்டிருக்கிற நேரம் பாருங்கள். அணை நிறைந்து கிடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அருவியை மறந்துவிட்டு வாருங்கள். எங்கள் மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. அதனால் வருஷத்தில் இரண்டு தடவை வாய்ப்பு கிடைக்கும்.

என்னைக் கேட்டால் ஜூன் முதல் வாரம். கன்னிப்பூ என்கிற முதல்போக நெல் சாகுபடிக்கு அப்போதுதான் அணையைத் திறப்பார்கள். காய்ந்து கிடக்கும் சானலில் முதல் வெள்ளம் வருவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அது அலையாக வராது. ஒரு ஆள் நடக்கிற வேகத்தில், முன்னால் ரப்பர் சருகையும் தேங்காய் மட்டையையும் செருப்பையும் பிளாஸ்டிக் குப்பியையும் தள்ளிக்கொண்டு, பழுப்பு நுரையோடு ஊர்ந்து வரும். வெடித்த மண் அதைக் குடிக்கிற 'சொர்ர்' சத்தம் கேட்கும். சின்ன வயதில் அதற்கு முன்னால் நானும் நடந்திருக்கிறேன். "மக்களே, கரைக்கு ஏறு, பொந்துல இருந்து பாம்பு வரும்" என்று அப்பா சத்தம் போடுவார். வந்ததும் உண்டு.

புறப்படும் நாளில் சீக்கிரம் கிளம்புங்கள். நாகர்கோவில் வடசேரி ஸ்டாண்டிலிருந்து தக்கலை, குலசேகரம் வழியாகத்தான் போக வேண்டும். நேர் பஸ்ஸுக்காகக் காத்திருக்காமல் குலசேகரம் வரை வந்து மாறிக்கொள்வது நல்லது. மார்த்தாண்டத்திலிருந்தும் குலசேகரத்துக்கு வரலாம். காலை பஸ் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் வழிநெடுக இருக்கிற ரப்பர். பால்வெட்டுக்காரர்கள் விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். குளிர்ச்சி இருக்கும்வரைதான் பால் நன்றாக ஓடும். எட்டு மணிக்குப் போனால் பட்டையில் சரிவாகக் கீறிய கோட்டில் வெள்ளை நூல்போல இறங்கிச் சிரட்டையில் சொட்டுவது தெரியும். உச்சிக்குப் போனால் வெறும் மரம்தான். வெட்டுக்கோட்டில் உறைந்து நிற்கிற ஒட்டுப்பாலைப் பிள்ளைகள் உரிக்கப் பார்க்கும், விடாதீர்கள். அதற்கும் விலை உண்டு, அது அவர்கள் கூலியில் சேர்த்தி. கீழே கிடக்கிற ரப்பர் கொட்டையை எடுத்துக்கொள்ளலாம். சிமெண்டில் உரசி அடுத்தவன் கையில் சூடு வைக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது.

அணையில் ஏறியதும் எல்லாரும் செல்பியில் இறங்கிவிடுவார்கள். நீங்கள் கட்டுமானத்தைப் பாருங்கள். 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்த அணை இது. அப்போது நாங்கள் திருவிதாங்கூர், ராஜா மூலம் திருநாள். தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956-இல்தான். கட்டிய இன்ஜினியர் மிஞ்சின் என்ற வெள்ளைக்காரர். பழைய ஆட்கள் மூக்கன் துரை என்பார்கள். அவர் கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. அப்பா அந்தப் பக்கம் போனால் செருப்பைக் கழற்றாமல் தாண்ட மாட்டார்.

நீர்ப்பரப்பின் ஓரத்தில் இறங்குவதில் மட்டும் நான் கண்டிப்பு. கோடையில் வெள்ளம் வற்றி, காய்ந்த சேறு திடல் மாதிரி கிடக்கும். மேல்பொருக்கு ஆளைத் தாங்கும், இரண்டடி தள்ளி முழங்கால் வரை உள்ளே போகும். அக்கரையில் காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்கள் படகில் வந்து ரேஷனும் சாமானும் வாங்கிப் போவார்கள். அந்தப் படகு சுற்றுலாவுக்கு ஓடுவதில்லை, "நாங்களும் வரட்டா" என்று ஏறி நிற்காதீர்கள். கோதையாறு மேலே வனத்துறை சொல்வதுதான் சட்டம். ஆனை நிற்கிற காடு அது. மழைக்காலமானால் அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கடித்ததைப் பிய்த்து எடுக்காமல் உப்பைத் தொட்டு வையுங்கள், தானாக விழும்.

திரும்பும்போது வெள்ளம் போகிற பக்கமே இறங்குங்கள். பேச்சிப்பாறை வெள்ளம் இடதுகரைக் கால்வாய் வழியாகவும், பெருஞ்சாணி வெள்ளம் பறளியாறு வழியாகவும் புத்தன் அணைக்கு வந்து, அங்கிருந்து சானல்களாகப் பிரியும். ஆறாகப் போவது வேறு வழி. கோதையாறு திற்பரப்பில் விழுந்து, திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் பறளியாற்றோடு கூடி, குழித்துறையைத் தாண்டித் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. திற்பரப்பு, பிறகு மாத்தூர் தொட்டிப்பாலம், அவ்வளவு போதும்.

மாத்தூரில் இரண்டு குன்றுக்கு நடுவே 28 தூண்மேல் ஒரு சானலையே தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கீழே பறளியாறு, 115 அடி உயரத்தில் பட்டணங்கால் என்ற சானலின் வெள்ளம். விளவங்கோடு பக்கத்து மேட்டு நிலத்துக்குப் பாசனம் வேண்டும் என்று காமராஜர் காலத்தில் எடுத்த வேலை, 1966-இல் முடிந்தது. பாதி வழியில் நின்று தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள். சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். சானல் அடைத்திருக்கிற மாசி பங்குனியில் வந்தால் பாசி காய்ந்த காங்கிரீட்டைத்தான் பார்ப்பீர்கள்.

சாப்பாட்டுக்குக் குலசேகரம். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவித்ததும் மீன் கறியும் எந்தக் கடையிலும் கிடைக்கும். அணைச் சிலேபி மண்வாடை அடிக்கும் என்று மைனி தொடவே மாட்டாள், குடம்புளி போட்டால் அடிக்காது. வீட்டுக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு, காலையில் இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்த பஸ்ஸுக்குக் கால்மணி நேரம் முன்னால் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள்.