பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு மாற்றுவது எப்படி?

பக்கத்து வீட்டுத் தம்பியின் லேப்டாப் ஆன் ஆகவே நாலு நிமிடம் எடுத்தது. உள்ளே இருந்தது 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க் போடலாம் என்று சொன்ன மறுநாளே 480 ஜிபி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். 20 ஜிபிதானே குறைவு, பாதிகூட நிரம்பவில்லையே என்றான். டிஸ்க்கை அப்படியே நகலெடுக்க (குளோனிங்) நாம் பயன்படுத்தப்போகும் குளோன்சில்லா என்ற மென்பொருள் அதை ஏற்காது. புது டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். சி டிரைவைச் சுருக்கிச் சமாளிக்க வழி உண்டு; முதல்முறை செய்பவருக்கு அந்தத் தலைவலி வேண்டாம். கடையில் மாற்றி 1 டிபி வாங்கி வரச் சொன்னேன்.

தேவையானவை: எஸ்எஸ்டி, அதை யுஎஸ்பியில் செருக ஒரு சாட்டா-யுஎஸ்பி கேபிள், ஒரு பென் டிரைவ். குளோன்சில்லா தைவானில் உருவான இலவச மென்பொருள். அதன் ஐஎஸ்ஓ கோப்பை (முழு மென்பொருளும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும்.

முதல் வேலை, பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்ப்பது. டிஸ்க்கைச் சோதிக்கும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் நீலம் காட்டினால் நல்லது. மஞ்சளோ சிவப்போ காட்டினால் குளோனிங்கை நிறுத்திவிட்டு, போட்டோ, கணக்குக் கோப்புகளை முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள். நீலமாக இருந்தாலும் முக்கியமானவற்றுக்கு ஒரு நகல் இருக்கட்டும்.

அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி. ஆன் ஆகியிருந்தால் அணைத்து, குறியாக்கம் முழுவதும் நீங்கும்வரை காத்திருங்கள். அப்புறம் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். சாதாரணமாக அணைத்தால் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும், குளோன்சில்லா அதைக் கண்டு முரண்டு பிடிக்கும்.

இனி எஸ்எஸ்டியையும் பென் டிரைவையும் செருகி, பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குங்கள் (பூட்). அதற்காக ஆன் செய்ததும் அழுத்த வேண்டிய விசை எஃப்12, எஃப்2, எஸ்கேப் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நீலத் திரை வந்ததும் டிவைஸ்-டிவைஸ், பிகினர், பிறகு உள்ளூர் டிஸ்க்கிலிருந்து உள்ளூர் டிஸ்க்குக்கு என்ற தேர்வு.

இப்போதுதான் கவனம் வேண்டும். முதலில் கேட்பது மூல டிஸ்க், அதாவது பழையது. அடுத்து கேட்பது இலக்கு, அதாவது புதியது. மாற்றிக் கொடுத்தால் காலி எஸ்எஸ்டியின் வெறுமை பழைய டிஸ்க்கில் ஏறிவிடும். டிஸ்க்குகளுக்குக் குளோன்சில்லா காட்டும் எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) என்ற பெயர்களை மட்டும் நம்பாதீர்கள், அவை இடம் மாறலாம். பக்கத்தில் இருக்கும் மாடல் பெயரையும் அளவையும் பாருங்கள். நான் இரண்டு டிஸ்க்கின் லேபிளையும் முன்பே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். ஒருமுறை எடுக்காமல் விட்டு, கடைசித் திரையில் சுதாரித்தேன். அன்றைக்கு வியர்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

பார்டிஷன், அதாவது டிஸ்க்கின் பிரிவுகள் பற்றிக் கேட்கும்போது கே1 (-k1) என்ற தேர்வைக் கொடுங்கள். புது டிஸ்க்கின் அளவுக்கேற்ப பிரிவுகள் விரியும். கொடுக்கத் தவறினால் பாதி இடம் சும்மா கிடக்கும், சி டிரைவுக்குப் பின்னால் இருக்கும் ரெகவரி பிரிவு விரிக்கவும் விடாது. பிறகு சில முறை உறுதி கேட்கும், ஒய் அழுத்துங்கள். நிரம்பிய பகுதியை மட்டும்தான் நகலெடுக்கும் என்பதால் 200 ஜிபிக்கு ஒரு மணி நேரம், சற்றுக் கூடுதலாகவும் ஆகலாம். சார்ஜரைச் செருகியே வையுங்கள்.

முடிந்ததும் கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். பழைய டிஸ்க்கைப் பிடித்திருக்கும் உலோகச் சட்டத்தைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாட்ட மறக்க வேண்டாம். முதல் பூட்டின்போது பழையதை யுஎஸ்பியில்கூட இணைக்காதீர்கள், இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்து விண்டோஸ் குழம்பும். பூட் ஆகவில்லையென்றால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தம்பியின் பழைய டிஸ்க்கைத் தேதி எழுதிய கவரில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரம் அதை அழிக்கக் கூடாது என்று அவன் அம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.