சாதாரண காரில் 100 ஆக்டேன் பெட்ரோல்: போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலைக் கொண்டுவந்தபோது லிட்டர் விலை 160 ரூபாய். ரேஸ் வண்டிக்குப் போடுகிற மாதிரியான பெட்ரோல் நம்ம ஊர் பங்க்கிலேயே கிடைக்கிறது என்றதும் எனக்கும் ஆசை வந்தது, டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத என் 1.2 லிட்டர் காரில் ஒரு டேங்க் போட்டு ஏற்காடு வரை ஓட்டிப் பார்த்தேன். இழுவையில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அதே பெட்ரோலை நண்பர் தன் டர்போ காரில் போட்டபோது, வெயில் நேரத்தில் நாலு பேரோடு மலை ஏறும்போது வரும் திணறல் நன்றாகவே குறைந்தது. ஏன் இந்த வித்தியாசம் என்று புரிந்துகொண்டால் வேலை பாதி முடிந்தது.

ஆக்டேன் எண் பெட்ரோலின் பலத்தைக் காட்டுவதில்லை. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் அழுத்தப்படும்போது, பிளக் பொறி கொடுப்பதை மீறித் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதுதான் அந்த எண். தாக்குப்பிடிக்காமல் கண்ட இடத்தில் வெடித்தால் அதுதான் நாக்கிங். தகர டப்பாவில் சில்லறை போட்டுக் குலுக்குவது போல ஒரு கிணுகிணு சத்தம், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கேட்கும். கம்ப்ரஷன், அதாவது அந்த அழுத்தம், அதிகமுள்ள இன்ஜினுக்கும் டர்போ இன்ஜினுக்கும் இந்தத் தொல்லை அதிகம், அதனால் அவற்றுக்கு ஆக்டேன் கூடுதலாகத் தேவைப்படும்.

சரி, முதல் வேலை. பெட்ரோல் மூடியைத் திறந்து உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள், இல்லையென்றால் மேனுவலில் எரிபொருள் பக்கத்தைப் பாருங்கள். ஆர்.ஓ.என். 91 என்றோ 95 என்றோ இருக்கும், ஆர்.ஓ.என். என்பது நம்ம ஊரில் ஆக்டேனைச் சொல்லும் கணக்கு. அமெரிக்க வீடியோக்களில் சொல்லும் 93 வேறு கணக்கு, நம்ம கணக்கில் அது கிட்டத்தட்ட 98, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 91 போதும் என்று எழுதியிருந்து, டர்போவும் இல்லாமல், நாக்கிங்கும் கேட்கவில்லை என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். அந்த இன்ஜினின் கம்ப்யூட்டரில் கூடுதல் ஆக்டேனைப் பயன்படுத்திக்கொள்ளப் பெரும்பாலும் இடம் இருக்காது. 95 அல்லது அதற்கு மேல் கேட்கும் வண்டியில் நிலைமை வேறு. ஆக்டேன் போதாதபோது நாக் சென்சார் அதை உணர்ந்து பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போடும், இழுவை குறையும். நல்ல ஆக்டேன் போட்டால் இழந்தது திரும்பி வரும், அவ்வளவுதான்.

இரண்டாவது, எதை ஊற்றப் போகிறீர்கள் என்பது. இதில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்: பங்க்கில் விற்கும் பெட்ரோலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். ரேஸ் டிராக்கில் கேனில் கிடைக்கும் சில எரிபொருள்களிலும், நீல நிறத்தில் இருக்கும் 100எல்எல் விமான பெட்ரோலிலும் ஈயம் உண்டு. ஈயம், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் படிந்து அதைச் செத்த பொருளாக்கிவிடும், ஆக்சிஜன் சென்சாரும் போய்விடும். சாலை வண்டிகளுக்கான பெட்ரோலில் ஈயத்தை இந்தியா 2000ஆம் ஆண்டிலேயே ஒழித்துவிட்டது, அதை நாமே தேடிப்போய் ஊற்றக் கூடாது. ஆக்டேனைக் கூட்ட பெட்ரோலில் கலக்கச் சொல்லி விற்கும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்களிலும் கவனம் தேவை. "30 பாயின்ட் ஏறும்" என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 3 ஆக்டேன் என்றுதான் அர்த்தம், அவர்கள் கணக்கில் ஒரு பாயின்ட் என்பது 0.1 ஆக்டேன்.

அப்புறம் போட்டுப் பார்ப்பது. டேங்கில் கால்வாசிக்கும் கீழே இறங்கட்டும், அதன் பிறகு போடுங்கள். இருப்பதோடு கலக்கும்போது ஆக்டேன் ஏறக்குறைய சராசரியாகத்தான் வரும், 95ல் 10 லிட்டர் இருந்து 100ல் 10 லிட்டர் ஊற்றினால் கிடைப்பது 97, 98 பக்கம். நாஸில் தானாகக் கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள், ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். கம்ப்யூட்டர் பழகிக்கொள்ள அரை டேங்க் சாதாரணமாக ஓட்டிவிட்டு, அதற்குப் பிறகு ஏசி போட்டு, ஆட்களை ஏற்றி, ஒரே மலைச்சாலையில் ஒரே கியரில் ஏறிப் பாருங்கள். காலியான நெடுஞ்சாலையில் சீராகப் போனால் எதுவும் தெரியாது. மீண்டும் அதே பங்க்கில் நிரப்பி மைலேஜ் கணக்கிடுங்கள்.

மைலேஜ் கொஞ்சம் ஏறினால் உடனே ஆக்டேனுக்குப் பெருமை சேர்க்காதீர்கள். இப்போது சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், எக்ஸ்பி100ல் அது கிடையாது. எத்தனாலில் பெட்ரோலைவிட சக்தி குறைவு. ஏறிய மைலேஜுக்கு அதுதான் காரணமாக இருக்கலாம், விலை வித்தியாசத்தை அது ஈடுகட்டுமா என்று பில்லை வைத்துப் பாருங்கள்.

100 ஆக்டேன் போட்டும் அந்தக் கிணுகிணு சத்தம் நிற்கவில்லை என்றால் மறுபடியும் அதையே போட்டுக் காசை விடாதீர்கள். இன்ஜினுக்குள் கரி படிந்திருக்கலாம், இன்ஜினுக்குப் பொருந்தாத பிளக் போட்டிருக்கலாம், கூலன்ட் குறைந்து இன்ஜின் சூடாகலாம். மெக்கானிக்கைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, சத்தம் வரும் அந்த ஏற்றத்திலேயே ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள்.