பாட்டில் மழைமானி: ஒரே மழைக்கு ஏன் வெவ்வேறு அளவு?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு லிட்டர் பாட்டிலில் செய்த மழைமானிகள் ஒரே மழைக்கு வெவ்வேறு அளவு காட்டின. நான்கு நாளாகப் பட்டை வரைபடம் தப்பாகவே வந்தது. ஸ்கேலை மாற்றினோம், மரத்தடியிலிருந்து திறந்தவெளிக்கு நகர்த்தினோம், பலனில்லை.

கோளாறு அடியில் இருந்தது. குளிர்பான பாட்டிலின் அடி குமிழ் குமிழாகப் பிரிந்திருக்கும். முதலில் விழும் நீர் அந்தக் குறுகிய பள்ளங்களில் நிறைவதால் உயரம் கூடுதலாகத் தெரியும்.

கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் இடம்வரை நீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் குறித்தோம். கல் கோட்டுக்கு மேலே தலைகாட்டக் கூடாது. இடுப்பு ஒடுங்கிய பாட்டில் ஆகவே ஆகாது. இந்திய வானிலைத் துறையைப் போலத் தினமும் காலை 8.30க்கு அளந்து, நீரை மறுபடி பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவருகிறோம். வெயிலில் வற்றியிருந்தால் ஊற்றுகிறோம். மழையில்லாத நாளுக்கும் 0 எழுதி, வரைபடத்தில் இடம் விடுகிறோம்.

அப்பாடா, இப்போது எல்லாப் பாட்டில்களும் 1 மி.மீ.க்குள் ஒத்துப்போகின்றன.