சம்பாவ் புல் எப்போது முளைக்கும்? ஐந்து டப்பாவில் பார்த்துவிடலாம்

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் செம்பனை எஸ்டேட்டில் இருப்பவர்களுக்குச் சம்பாவ் புல் என்ற களையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. கோவில் வாசல், திடல், நர்சரியில் பாலிபேக் வரிசைகளுக்கு நடுவே என்று ஆள் மிதிக்கிற இடமாகப் பார்த்துத்தான் படரும். கதிரைக் கையில் எடுத்தாலே கேழ்வரகின் பங்காளி என்று தெரிந்துவிடும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்தை அடித்தும் சாகாத சம்பாவ் புல்லை 1997-இல் கண்டறிந்ததும் நம் தெலுக் இந்தானில், ஒரு பழத்தோட்டத்தில்தான். மருந்தை மட்டும் நம்பிப் பயனில்லை. மண்ணுக்குள் கிடக்கிற விதை எதைக் கண்டு விழிக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை மிச்சம். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், சாப்பாடு கட்டித் தருகிற பிளாஸ்டிக் டப்பா போதும்.

1. விதை சேர்ப்பது

பழுப்பேறிய கதிர்களாகப் பறியுங்கள். மருந்தடித்த இடத்தில் வேண்டாம். நிழலில் சில வாரம் உலரவிடுங்கள். புது விதைக்கு உறக்கம் அதிகம், உடனே போட்டால் எந்த டப்பாவிலும் ஒன்றும் நடக்காது. பிறகு உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினால் உமி பறக்கும், கருஞ்சிவப்பு விதை தங்கும். கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்: மேல்தோல் முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக வரி ஓடியிருக்கும். இந்தத் தேய்ப்பு வீண் வேலையில்லை, மேலுறை உராய்ந்தால் நீர் உள்ளே இறங்குவது சுலபம்.

2. டப்பாக்களைத் தயார் செய்வது

மூடியுள்ள தெளிவான டப்பா ஐந்து. ஒவ்வொன்றிலும் இரண்டு மடிப்பு டிஷ்யூ, அதன்மேல் 50 விதை. எண்ணிக்கை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும்.

அ: வெளியே, வெளிச்சத்தில்.
ஆ: வெளியே, அலுமினியத் தாளில் இரண்டு சுற்று சுற்றி.
இ: வீட்டுக்குள், வெளிச்சத்தில்.
ஈ: வீட்டுக்குள், அலுமினியத் தாள் சுற்றி.
உ: வெளியே, மூடிமேல் மூன்று அடுக்கு வாழையிலை, பக்கங்களில் மட்டும் அலுமினியத் தாள்.

3. தண்ணீர் விடுவது

பலருக்குச் சோதனை கெடுவது இங்கேதான். உலர்ந்த விதையை வெளிச்சம் பெரிதாகத் தொடாது. நீர் குடித்து ஊறிய விதைக்குக் கொஞ்ச நேர வெளிச்சமே சில சமயம் போதும். அதனால் ஆ, ஈ, உ மூன்றுக்கும் இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி, இருட்டிலேயே மூடிச் சுற்றிவிடுங்கள். டிஷ்யூ நனைந்தால் போதும், விதை மிதக்கக் கூடாது. "முளைச்சிருக்கான்னு சும்மா பாத்தேன்" என்று தம்பி தங்கை நடுவில் பிரித்தால் அந்தக் கணக்கு போச்சு.

இதில் எவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு கதை. அமெரிக்காவில் மிச்சிகனில் பீல் என்ற பேராசிரியர் 1879-இல் களை விதைகளை 20 புட்டிகளில் போட்டுப் புதைத்து வைத்தார். 2021-இல் ஒரு புட்டியைத் தோண்டினார்கள், அதுவும் வெளிச்சம் படக்கூடாது என்று இருட்டிலேயே. ஒரு வகைக் களை அப்போதும் முளைத்தது.

4. சூட்டைக் கூட்டிக் குறைப்பது

நம் ஊரில் குளிர்காலம் கிடையாது. மாறுவது பகலும் இரவும்தான். வெளி டப்பாக்களைப் பகலில் ஜிங்க் கொட்டகைக்குக் கீழே, நேர் வெயில் படாமல் வையுங்கள். மூடிய டப்பாவில் வெயில் பட்டால் விதை வெந்துவிடும். இரவில் ஏர்கோன் அறைக்குக் கொண்டுபோங்கள், வெளிச்சம் இல்லாத மூலையாக. பகலில் 33, இரவில் 20 டிகிரி அளவுக்கு ஏறி இறங்கினால் நல்லது. இ, ஈ இரண்டும் நடு அறை அலமாரியில், ஏர்கோன் இல்லாத இடத்தில், அசையாமல் இருக்கட்டும். மலிவான வெப்பமானி ஒன்றை இரண்டு இடத்திலும் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. எண்ணுவது

இரண்டு வாரம் கழித்து எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரியுங்கள். வெண்ணிற வேர் முனை தெரிந்தால் முளைத்த கணக்கு.

பொதுவாக அ முந்தும். சம்பாவ் புல்லுக்கு வெளிச்சமும் வேண்டும், சூடு ஏறி இறங்கவும் வேண்டும். ஒரே சூட்டில் வைத்தால் முளைப்பு குறைவு. ஆ டப்பாவிலும் சில முளைக்கலாம், சூட்டின் ஏற்றத்தாழ்வு வெளிச்சக் குறையை ஓரளவு ஈடுகட்டும். ஈ டப்பாதான் பெரும்பாலும் கடைசி.

எனக்குப் பிடித்தது உ. வாழையிலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தொலைசிவப்பு ஒளியைத்தான் கீழே விடும். விதைக்குள் இருக்கிற ஃபைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பில் "முளை" என்றும் தொலைசிவப்பில் "பொறு" என்றும் மாறிமாறி நிற்கும். 1952-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் லெட்டூஸ் விதைமேல் இரண்டு ஒளியையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கடைசியாகப் பட்டது எதுவோ அதைத்தான் விதை கேட்டது. தலைக்கு மேல் இலை இருக்கிறது, இப்போது எழுந்தால் வெயில் கிடைக்காது என்று விதை தெரிந்துகொள்ளும் வழி இது. இலை காய்ந்தால் இருட்டில் மாற்றுங்கள்.

6. தோட்டத்தில் என்ன செய்வது

இருபத்தைந்து வருடச் செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்ததும் களை கிளம்புவது ஏன் என்று இப்போது புரியும். நிழல் போனது, வெறும் மண் பகலில் கொதித்து இரவில் ஆறுகிறது, இயந்திரம் அடிமண்ணைப் புரட்டி விதையை மேலே போட்டுவிட்டது. எஸ்டேட்டில் புவெராரியா, முகூனா கொடிகளைப் படரவிடுவது மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்க மட்டுமில்லை. அந்த இலைப்போர்வை சூட்டின் ஏற்ற இறக்கத்தையும் குறைத்துவிடும், சிவப்பு ஒளியையும் வடிகட்டிவிடும்.

வீட்டுக் கீரைப்பாத்திக்கு: பாத்தியைக் கொத்தி, தண்ணீர் விட்டு, ஒன்றும் விதைக்காமல் இரண்டு வாரம் விடுங்கள். மேலே கிடக்கும் விதைகள் முளைத்து வரும். அவற்றை மண்வெட்டியால் மேலாகச் சீவி எடுத்துவிட்டுப் பிறகு கீரை போடுங்கள். மறுபடி ஆழமாகக் கொத்தினால் அடுத்த கூட்டத்தை நீங்களே எழுப்பிவிடுகிறீர்கள். கீரை வளர்ந்தபின் வரிசைக்கு நடுவே காய்ந்த ஓலையையோ புல்லையோ கனமாகப் பரப்புங்கள், மண் கண்ணில் படாத அளவுக்கு. விதை முற்றிய புல்லை மட்டும் பரப்ப வேண்டாம்.

சோதனை டப்பாக்களைக் கொல்லையில் கொட்டாதீர்கள். முளைக்காமல் கிடப்பவை பெரும்பாலும் செத்தவை இல்லை. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஆறவிட்டுக் குப்பையில் போடுங்கள்.