நிலத்தில் உப்புநீர்க் கிணறு: டெக்சாஸில் இழப்பீட்டைப் பேசி முடிப்பது எப்படி?

மேற்கு டெக்சாஸின் பெர்மியன் படுகையில் ஒரு பீப்பாய் எண்ணெய் எடுத்தால், அதைவிடப் பல மடங்கு உப்புநீரும் கூடவே மேலே வருகிறது. கடல்நீரைவிடக் கரிப்பான இந்நீரை ஆற்றிலோ வயலிலோ விட முடியாது என்பதால், நிறுவனங்கள் அதைத் தனிக் கிணறுகளின் வழியாகப் பாறை அடுக்குகளுக்குள் அழுத்திச் செலுத்துகின்றன. அப்படியொரு கிணறு அமைக்க உங்கள் நிலத்தைக் கேட்டு வந்தால், கையெழுத்திடுமுன் செய்ய வேண்டியவை இவை.

படி 1: நிலப் பத்திரத்தையும் பழைய எண்ணெய்க் குத்தகையையும் (எண்ணெய் எடுக்க நிறுவனத்துக்கு உரிமை தரும் ஒப்பந்தம்) படியுங்கள்.

டெக்சாஸில் நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும், அடியிலுள்ள கனிமம் வேறொருவருக்கும் உரியதாக இருப்பது வெகு சாதாரணம். கனிமம் உங்களுடையதல்ல என்பதற்காகப் பேரம் பேச உங்களிடம் ஒன்றுமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். உப்பு எடுத்தபின் நிலத்தடியில் எஞ்சும் வெற்றிடம் மேற்பரப்பு உரிமையாளருக்கே சொந்தம் என்று 2025 மே மாதம் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்ணெயோடு வரும் நீரோ, குத்தகையில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், எண்ணெய்க் குத்தகை பெற்ற நிறுவனத்தையே சேரும் என்று அதே நீதிமன்றம் அடுத்த மாதமே கூறியது. ஆகவே நீங்கள் விலை பேசுவது நீருக்கு அல்ல, அதைத் தேக்கிவைக்கும் இடத்துக்கு.

படி 2: எந்த நிலத்து நீர் என்று கேளுங்கள்.

என் கருத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். உங்கள் நிலத்தடி எண்ணெயை எடுக்கும்போது வரும் நீரை அங்கேயே செலுத்த, குத்தகை தடுக்காதவரை, நிறுவனத்துக்குப் பொதுவாக உரிமை உண்டு. அதற்குத் தனிக் கட்டணம் கிடைப்பது கடினம். பிற குத்தகை நிலங்களின் நீரைக் கொண்டுவந்து செலுத்த வேண்டுமானால், உங்கள் சம்மதம் இல்லாமல் முடியாது.

படி 3: மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொள்ளாமல், பீப்பாய்க் கணக்கில் பேசுங்கள்.

ஒரு பீப்பாய் என்பது 42 கேலன், ஏறத்தாழ 159 லிட்டர். உதாரணத்துக்கு, பீப்பாய்க்கு 5 சென்ட் என்று வைத்து நாளொன்றுக்கு 10,000 பீப்பாய் செலுத்தினால், நாளுக்கு 500 டாலர், ஆண்டுக்கு 1,82,500 டாலர் வரும். அற்பமாகத் தெரியும் சென்ட் கணக்கு இப்படித்தான் பெருகுகிறது. முதலிலேயே ஒரு பெருந்தொகையைக் காட்டிக் கையெழுத்துக் கேட்பவர் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார். செலுத்திய அளவுக்கு நிறுவனத்தின் வாய்ச்சொல்லை நம்பியிருக்க வேண்டியதில்லை. மாதவாரி அளவுகளைக் காட்டும் எச்-10 என்ற ஆண்டு அறிக்கையை நிறுவனம் டெக்சாஸ் ரயில்ரோடு ஆணையத்திடம் தாக்கல் செய்தாக வேண்டும். அது பொதுமக்களும் பார்க்கக்கூடியது. (அந்த ஆணையத்தின் பெயரில்தான் ரயில், கையில் இருப்பது எண்ணெயும் எரிவாயுவும்.) நீரிலிருந்து பிரித்தெடுத்து விற்கும் எண்ணெயிலும் பங்கு கேளுங்கள்.

படி 4: நீர் வராத மாதத்துக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை எழுதுங்கள்.

மிட்லண்டுக்கு அருகே கார்டன்டேல் பகுதியில், நீர் செலுத்துவதோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட நிலநடுக்கங்கள் தொடர்ந்ததால், அங்குள்ள ஆழ்கிணறுகளில் நீர் செலுத்துவதை 2021 டிசம்பரில் ஆணையம் நிறுத்திவைத்தது. பீப்பாய்க் கணக்கை மட்டும் நம்பியிருக்கும் உரிமையாளருக்கு, இப்படி ஓர் உத்தரவு வந்தால் கிணறும் சாலையும் நிலத்தில் இருக்கும், வருமானம் இராது.

படி 5: மற்றவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள்.

குழாய்ப்பாதைக்கு நீளத்தைக் கொண்டும், கிணற்றுத் தளத்துக்குப் பரப்பைக் கொண்டும் தனித் தொகை கேட்கலாம். உப்புநீர் சிந்தினால் மண்ணின் கட்டமைப்பே சிதைந்து, பல ஆண்டுகளுக்குப் புல்கூட முளைக்காமல் போகலாம்; எனவே கெட்ட மண்ணை அகற்றிப் புதுமண் நிரப்பும் பொறுப்பு நிறுவனத்துக்கே என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பயன்பாடு நின்றபின் எத்தனை மாதத்துக்குள் கிணற்றை அடைத்துத் தளத்தை அகற்ற வேண்டும் என்பதையும் சேருங்கள்.

படி 6: வரைவை எண்ணெய்க் குத்தகையில் பழகிய டெக்சாஸ் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கிணற்றுக்காக நிறுவனம் ஆணையத்திடம் தரும் அனுமதி விண்ணப்பத்தின் நகல் உங்களுக்கு வந்தால், ஆட்சேபம் தெரிவிக்க 15 நாட்களே உண்டு. அந்த உறையைப் பிரிக்காமல் மேசையில் போட்டுவைக்காதீர்கள்.