பாழான பெயின்ட்டை உரிப்பது எப்படி? (1/72 ஸ்பிட்ஃபயர் மாடல்)

நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடலின் இறக்கையில் பெயின்ட் வழிந்துவிட்டதா? கிட்டைத் (பாகங்களாக வாங்கி ஒட்டும் மாடல் செட்) தூக்கிப் போட வேண்டாம். முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஈரத்தோடு துடைக்கப் போனால் விரல் ரேகையும் சேர்ந்து பதியும். அக்ரிலிக் என்றால் ஒரு இரவு, எனாமல் என்றால் சில நாள் ஆறப் போடுங்கள்.

1. உரிக்கத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். தூசி, ஓரிரு வழிசல், ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு எல்லாம் 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே சரியாகிவிடும். பழைய கிட்களில் பேனல் கோடுகள் (விமானத்தின் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டுபவை) மேலே புடைத்திருக்கும்; அவற்றின் மேல் தேய்த்தால் போனது போனதுதான். மழை நாளில் லாக்கர் (சீக்கிரம் காயும் ஒரு வகைப் பெயின்ட்) ஸ்பிரே அடித்து வெள்ளை பூத்திருந்தால், ஈரப்பதம் குறைந்த நாளில் லாக்கர் தின்னரை மட்டும் ஏர்பிரஷில் (காற்றால் பெயின்ட் தெளிக்கும் சிறு கருவி) மெல்லிசாக ஒரு கோட் அடித்துப் பாருங்கள். பேனல் கோடுகளே தூர்ந்துபோகும் அளவுக்குப் பெயின்ட் அப்பியிருந்தால்தான் உரிக்க வேண்டும்.

2. எதில் ஊறவைப்பது?

என் ஓட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹாலுக்கு. பட்ஸில் தொட்டு விமானத்தின் அடிப்பக்கம் தேய்த்துப் பாருங்கள். நிறம் இறங்கினால் அது பெரும்பாலும் அக்ரிலிக், இதுவே போதும். தீப்பற்றும் திரவம் என்பதால் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஹார்டுவேர் கடைத் தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் கூடவே கூடாது, மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் கரைந்துவிடும்.

ஆல்கஹால் கிடைக்காவிட்டால், அல்லது அதற்குப் பெயின்ட் மசியாவிட்டால், டெட்டால். அதே பழுப்பு நிற டெட்டால்தான், தண்ணீர் கலக்காமல். எதுவானாலும் முதலில் உறுப்புகளை ஒடித்தெடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரு துண்டை அதில் போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.

3. டெட்டால் குளியல்

மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் மாடல் மூழ்கும் வரை ஊற்றி, ஓர் இரவு விடுங்கள். காலையில் பெயின்ட் சுருங்கித் தோல் தோலாகத் தொங்கும். கையுறை போட்டுக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள்.

இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். பாதி உரிந்ததும் கை தானாகக் குழாயைத் திறக்கும். திறக்காதீர்கள்! தண்ணீர் பட்ட நொடியில் டெட்டால் பாலாகத் திரியும், இளகிய பெயின்ட் தார் போலக் குழைந்து பேனல் கோடுகளுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், பிரஷ்ஷும் காலி. ஆகவே பிரஷ்ஷையும் டெட்டாலிலேயே நனைத்துத் தேயுங்கள். பெரும்பகுதி போனதும், வேறு கிண்ணத்தில் புது டெட்டால் கொஞ்சம் ஊற்றி இன்னொரு முறை அலசுங்கள். டிஷ்யூவில் ஒற்றி, பாத்திரம் கழுவும் லிக்விடைத் தண்ணீர் இல்லாமல் அப்படியே தடவித் தேய்த்து, அதற்கப்புறம்தான் குழாய். ஏற்கெனவே தாராகிவிட்டதா? மறுபடி டெட்டாலில் போடுங்கள், இளகும்.

வீடு இரண்டு நாளைக்கு ஆஸ்பத்திரி வாசம் அடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கழிவைச் சிங்க்கில் கொட்டாமல் பழைய துணியில் உறிஞ்ச வைத்து அப்புறப்படுத்துங்கள்.

4. மறுபடி பெயின்ட்

நன்றாகக் காய்ந்ததும் சாம்பல் நிற பிரைமர் (அடிப்பூச்சு). மிச்சமிருக்கும் கீறலை அது காட்டிக்கொடுக்கும். ஸ்பிரே கேன் என்றால் 20–25 செ.மீ. தள்ளிப் பிடித்து, மாடலுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, மாடலைக் கடந்த பிறகு விடுங்கள். முதல் கோட்டில் பிளாஸ்டிக் தெரியத்தான் செய்யும். அவசரப்பட்டு அதை மூடப் போனால் மறுபடி வழிசல்தான்.

பின்சேர்க்கை: காக்பிட் கண்ணாடியையும் ஊறப்போடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், மங்கிவிடும் அபாயம் உண்டு. முடிந்தால் கழற்றி வையுங்கள். அதன்மேல் பட்ட அக்ரிலிக்கை, முனை சீவிய பல்குச்சியைத் தண்ணீரில் நனைத்துச் சுரண்டினாலே எடுத்துவிடலாம்.