ஏறினால் துள்ளுகிற குதிரைக்கு முதுகு வலியா என்று பார்ப்பது எப்படி

திருவையாறு, கும்பகோணம் பக்கம் ஒரு குதிரை ஏறியவனைத் தள்ளிவிட்டால் முதலில் சுழி (முடி சுழன்று வளர்ந்திருக்கும் இடம்) பார்ப்பார்கள். நெற்றியில் ஒன்று தப்பாக இருக்கிறது, கழுத்தில் இருக்கக் கூடாத இடத்தில் இன்னொன்று, வித்துத் தொலை என்பார்கள். அந்தியூர் சந்தையில் நான் வாங்கிவந்த பெண் குதிரைக்கும் இதே தீர்ப்புதான் கிடைத்தது. அதற்கு இருந்தது முதுகு வலி, அதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

ஏறுவதற்கு முன்னாலேயே குதிரை சொல்ல ஆரம்பித்துவிடும். சேணத்தோடு கிட்டே போனதும் காதைப் பின்னால் மடக்குகிறதா, வயிற்றுப் பட்டையை இழுக்கும்போது திரும்பிக் கடிக்க வருகிறதா என்று பாருங்கள் (வயிற்றுப்புண் இருந்தாலும் பட்டை இழுக்கும்போது கடிக்க வரும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்). அங்கவடியில் கால் வைத்ததும் நகர்ந்து நகர்ந்து போவது, உட்கார்ந்த நொடியில் முதுகைப் பள்ளமாக இறக்குவது அல்லது பூனை மாதிரி வளைத்துத் தூக்குவது, முதல் பத்திருபது அடி விறைத்துப்போய் நடப்பது, இதெல்லாம் அடுத்து வரும். "கொஞ்சம் நடந்தா சரியாயிடும்" என்பார்கள். ஆகும்தான், உடம்பு சூடானால் விறைப்பு விடும், ஆனால் மறுநாள் காலை மறுபடி அதே கதை.

துள்ளுவதும் முன்காலைத் தூக்கி நிற்பதும் கிட்டத்தட்ட கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் வரும் சின்னச் சின்ன குறிகளைத்தான் நாம் திமிர் என்று தள்ளிவிடுகிறோம். சூ டைசன் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவும் 2018-ல் 24 குறிகள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். சவாரியின்போது அவற்றில் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் காலிலோ முதுகிலோ இடுப்பிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். காது 5 நொடிக்கு மேல் பின்னால் மடங்கியே இருப்பது, வாயை 10 நொடிக்கு மேல் பிளந்து பிளந்து மூடுவது, நாக்கு வெளியே வருவது, ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பது, வாலை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடிப்பது அல்லது ஓயாமல் வீசுவது, பின்கால் முன்காலின் தடத்தில் விழாமல் விலகிப் போவது, பாய்ச்சலில் காலை மாற்றி மாற்றிப் போடுவது, குளம்பு நுனி தரையில் தேய்வது. டிராட்டில், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டத்தில், 15 நொடிக்கு 40 காலடிக்கு மேல் போனாலும் 35-க்குக் கீழே இறங்கினாலும் ஒரு குறி என்கிறார்கள். நம் சின்னக் குதிரைகளுக்கு அடி இயல்பிலேயே குட்டையாக வேகமாக விழும், அதனால் அந்த எண்ணை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, வழக்கத்தைவிட மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு இதில் பாதிகூடத் தெரியாது. யாரிடமாவது போனைக் கொடுத்து இரண்டு பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கையால் பார்ப்பது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலிருந்து இடுப்பு வரை, முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் நாலு விரல் தள்ளி, விரலின் சதைப்பகுதியால் ஒரே அழுத்தத்தில் நகர்த்துங்கள். நகத்தால் குத்தினால் நல்ல குதிரையும் முதுகை இறக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சதை துடித்தாலோ, பலகை மாதிரி இறுகியிருந்தாலோ, குதிரை விலகிப் போனாலோ அந்த இடத்தைக் குறித்து வையுங்கள்.

சேணத்தைக் கழற்றியதும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். எல்லா இடமும் நனைந்திருக்க, நடுவில் உள்ளங்கையளவு மட்டும் காய்ந்திருந்தால் பெரும்பாலும் அங்கே அழுத்தம் அதிகம். வெள்ளை முடி முளைத்திருந்தால் பழைய காயம். குதிரைக்கு 18 ஜோடி விலா, கடைசி விலாவுக்குப் பின்னால் சேணம் போகக் கூடாது. என் குதிரைக்குப் போட்டிருந்தது பெரிய குதிரையின் பழைய சேணம், ஒரு பக்கப் பஞ்சு கட்டியாகிப் போயிருந்தது, அது எனக்குத் தெரியாமல் நான் சுழிக்குப் பரிகாரம் கேட்டுக்கொண்டிருந்தேன்! எடையும் கணக்கில் உண்டு. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு, 300 கிலோ குதிரைக்கு அது 60 கிலோதான். நம்மில் எத்தனை பேர் அதற்குள் வருவோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரி 28-க்கு மேல் மேட்டூரை அடைத்து ஆறு வற்றியதும் கொள்ளிடத்து மணலில் நாலுகால் பாய்ச்சலில் விடுகிற ஆசை எல்லோருக்கும் வரும். ஆழ மணலில் பின்காலும் இடுப்பும் கூடுதலாக உழைக்கும், பழகாத குதிரையை அங்கே முதலில் நடக்க மட்டும் விடுங்கள். பின்கால் நொண்டலை மறைக்கப் போய் முதுகைக் கெடுத்துக்கொள்ளும் குதிரைகள் நிறைய, ஆகவே லாடத்தையும் காலையும் பார்க்காமல் முதுகுக்கு மட்டும் எண்ணெய் தேய்த்துப் பயனில்லை.

டாக்டரிடம் போகும்போது வீடியோவையும் சேணத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். இங்கே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. நீங்களாக வலி மாத்திரை கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், அங்கே குதிரை ஒழுங்காக நடந்து காட்டிவிடும், டாக்டருக்கு ஒன்றும் தெரியாது.